மேற்குச் சுவருக்கு ஒரு சட்டை

செமினியிலிருந்து ஒரு வாசகி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். "தங்கமணியை ஏன் சாகடிச்சீங்க? சுவர் வேலை முடியற வரைக்குமாவது விட்டு வெச்சிருக்கலாமே?" என்று கேட்கிறார். கோபம் நியாயம்தான். என் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அன்று என் தட்டில் விழுந்த குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது. என்ன செய்ய, நம் வீடுகளில் எந்த வேலை முடியட்டும் என்று காத்திருந்து யார் போயிருக்கிறார்கள்?

இந்தத் தொடருக்கு இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பின் கோடி வீடு. வீட்டின் பக்கச் சுவர் முழுக்க மேற்கே பார்த்தது. அந்தச் சுவரை ஒட்டிய கீழ் அறையில்தான் தங்கமணி படுத்திருந்தார். மாடி ஏறும் தெம்பு போய்விட்டது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல், வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ். அந்த நோயில் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். ஏர்கோன் போட்டால் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். போடாவிட்டால் மத்தியானத்துக்கு மேல் சுவர் அனலடிக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மகன் வாசுவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வேலை. கட்டடங்களுக்குச் செலவுக் கணக்குப் போடும் அலுவலகம். வெளிச்சுவரில் தடித்த நுரைப் பலகைகளை ஒட்டி, மேலே வலை விரித்துப் பூச்சுக் கொடுத்தால் வெயில் உள்ளே இறங்காது என்று சொன்னவன் அவன்தான். ஆனால் அவன் அலுவலகத்தில் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு தண்ணீர்க் குழாயைக்கூட வாங்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அம்மாவின் சுவருக்கும் கொண்டுவந்தான். இரண்டு ஏற்கெனவே கையில் இருந்தன. மூன்றாவதற்குக் காத்திருந்தான். அது வந்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பேரம் பேசி, ஒருவழியாக முன்பணம் கட்டினான். மறுநாள் தங்கமணியின் இதயம் நின்றுவிட்டது.

நாளைக்குக் கருமாதி.

இன்று காலை, வாசலில் லோரி வந்து நின்றது. பக்கத்து ஊரான மேருவிலிருந்து சுகுமாறன், பலகைகளும் சாரக் கம்பிகளும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மூன்று கொட்டேஷனில் தேறியவன் அவன்தான். சாரத்துக்குத் தனியாகக் காசு கேட்காதவன்.

கேட்டுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான். ஹாலில் மாலை போட்ட படம் தெரிந்தது.

"Boss, யாரு? அம்மாவா?"

வாசு தலையை ஆட்டினான்.

"சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க வரமாட்டீங்க."

சுகுமாறன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எப்போ கருமாதி?"

"நாளைக்கு."

"நாளைக்கு கருமாதிய வெச்சிட்டு, இன்னைக்கு துக்க வீட்டு சுவத்துல டிரில் போடச் சொல்றீங்களா? வேணாம் boss. எங்க வீட்டுல தெரிஞ்சா என்னையே உள்ள விடமாட்டாங்க. இந்த மாதிரி விஷயமெல்லாம் சுசா லா, ரொம்பக் கஷ்டம்."

"அப்பாவுக்காகத்தான் சொல்றேன்," என்றான் வாசு. "அந்த ரூம்ல இப்ப அவருதான் படுக்கறாரு. அம்மா படத்து விளக்கு அணைஞ்சிடும்னு ஃபேன்கூட போடறதில்ல. நேத்து முந்தின நாளு மயங்கி விழுந்துட்டாரு. இந்த சூட்டுல உட்கார விடாதீங்கன்னு கிளினிக்ல டாக்டர் திட்டி அனுப்பினாரு. கேக்க மாட்டேங்கறாரு."

சுகுமாறன் யோசித்தான். பிறகு தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, தன் ஆட்களுக்குச் சத்தம் போடாமல் இறக்கச் சொன்னான். வெள்ளைப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பக்கச் சந்துக்குள் போயின. சாரத்தின் முதல் இரண்டு கால்களை நிறுத்தியிருப்பார்கள். அதற்குள் பின்கதவு திறந்து வாசுவின் அப்பா கமலநாதன் வந்து நின்றார்.

கமலநாதன் முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்று, கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கையாலேயே எல்லாம் சொல்ல வேண்டிய வேலை. தூக்கு, இறக்கு, மெல்ல, நில்லு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. சாப்பாட்டில் சோறு போதும் என்பதையும், டிவி சத்தத்தைக் குறை என்பதையும் கையால்தான் சொல்வார். பிள்ளைகள் சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்போது அவர் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்தார். நில்லு.

சுகுமாறனின் ஆட்களுக்குத் துறைமுகமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனாலும் நிறுத்திவிட்டார்கள்.

"அப்பா, பணம் கட்டியாச்சுப்பா."

"போனா போகட்டும்."

"உங்களுக்காகத்தான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ரூம் இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

காரணம் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுகுமாறன் சங்கடமாகக் காதைச் சொறிந்தான். "சாயங்காலம் வரைக்கும் இருக்கேன் boss. நீங்க பேசிப் பாருங்க. ஆனா இன்னைக்கு ஆரம்பிக்கலைன்னா இந்தச் சாரம் செமினி வேலைக்குப் போயிடும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு என்கிட்ட கம்பி கிடையாது."

இரண்டு மாதம். வெளியே வெயில் அதற்குள்ளாகவே கண்ணைக் கூச வைத்தது.

மத்தியானம் தாண்டியும் சமையலறையில் தங்கை விஷ்ணுப்ரியா நாளைய படையலுக்குப் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சுபாங் ஜெயாவில் நல்ல வேலையில் இருந்தவள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள அதை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடமாகிறது.

"அண்ணே, அவரு ஏன் மயங்கி விழுந்தாருன்னு தெரியுமா உனக்கு?"

"சூடுதானே."

"சூடு மட்டும் இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான் குடிக்கறாரு. அம்மாவோட டம்ளர்ல. அம்மாவோட அளவு." முறத்தை அவள் நிறுத்தவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லாதன்னு கையை இப்படிக் காட்டினாரு."

வாசு நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவனைக் கிண்டல் செய்த அதே மேசை. அப்போது சுவரின் நீள அகலத்தை அளந்து வந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்து, இரண்டு அங்குலப் பலகையா மூன்று அங்குலமா என்று ஒரு வாரம் யோசித்தான். மூன்று போட்டால் ஜன்னல் ஓரங்களுக்குச் செலவு ஏறும். மழைத்தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்ட வேண்டும். இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டாமல் முடிக்கப் பார்த்தான். கடைசி வரியில், எதிர்பாராத செலவு, பத்து விழுக்காடு என்று போட்டான். அலுவலகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் அப்படித்தான் போடுவார்கள்.

"என்னடா, சுவத்துக்குச் சட்டை தைக்கறியா?" என்றார் தங்கமணி. "நீ அளவெடுத்து முடிக்கறதுக்குள்ள தீபாவளி வந்துடும் போல."

பூச்சுக்கான நிற அட்டையை மட்டும் அவரிடம் கொடுத்தார்கள். படுத்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பெயர் வைத்தார். இது மோர். இது இளநீ. இது மைலோ, சுவத்துக்கு ஆகாது, ஆனா பாக்க நல்லா இருக்கு. இது தே தாரே, நுரை பொங்க ஆத்தின டீ. கடைசியில் ஒன்றில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"பார்லித் தண்ணி," என்றார். "ஐஸ் போட்டது. இதையே அடிங்க."

அன்று எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு டம்ளரில் ஒரு நாளை ஓட்டுகிற ஒருத்தி கண்ணில் படுவதையெல்லாம் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது வாசுவுக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. 

"அண்ணே, இன்னொண்ணு இருக்கு," என்றாள் பிரியா. "ஜொகூர் பாருல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போகணும். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. இந்த ரூம்ல அவரை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

வாசு எழுந்து அப்பாவிடம் போனான்.

அறைக்குள் நுழைந்ததும் அடுப்படிக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. தங்கமணி இருந்தபோது வாசு இங்கே பெரும்பாலும் இரவில்தான் வந்திருக்கிறான், வேலை முடிந்து, பிரிக்பீல்ட்ஸ் நெரிசலைக் கடந்து. இந்த அறையின் பிற்பகல் அவனுக்குப் புதிது. சுவரில் கை வைத்தான், வைத்த வேகத்தில் எடுத்தான். கட்டடங்களின் சுவர் எவ்வளவு சூடேறும் என்று அவனுக்கு எண்ணாகத் தெரியும். கையில் பட்டது இதுதான் முதல் தரம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை. அதில் தங்கமணியின் படம், எரியும் விளக்கு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று கருமாதி வரை வைக்கிற தண்ணீர். எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். கமலநாதன் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அப்பா, ஹாலுக்கு வாங்கப்பா."

"கதவைச் சாத்து. விளக்கு ஆடுது."

வாசு கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அப்பாவின் முகத்தை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாளாகிவிட்டது. உதடு வெடித்திருந்தது.

கமலநாதனே பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு மத்தியானம் அவ தண்ணி கேட்டா. ரெண்டு டம்ளரும் முடிஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம்னா. ஒரு வாய்தான் கேட்டா, வாசு."

"டாக்டர் சொன்ன அளவுதானேப்பா நீங்க…"

"வாயால சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கையைக் காட்டினேன்." உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்தார்.  "கிரேன்காரனுக்குக் காட்டற மாதிரி. அவளும் சரின்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட எதுவும் கேக்கல. அந்த ராத்திரிதான் போயிட்டா."

 மூன்றாவது கொட்டேஷனுக்காகக் காத்திருந்ததைப் பற்றி வாசுவும் சொல்ல நினைத்தான். அப்பாவின் கைக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இப்ப குடிக்கறா," என்றார் கமலநாதன்.

"என்னப்பா?"

"தண்ணிய. முதல்ல ரெண்டு நாளு தொடவே இல்ல. ஊத்தினது ஊத்தின மாதிரி இருந்துச்சு. கோவமா இருக்கான்னு நெனச்சேன். அப்புறம் தினமும் கொறையுது. நான் குளிச்சிட்டு வந்து பாத்தா ரெண்டு வாய் அளவு கொறைஞ்சிருக்கும். வெயில்தான் தண்ணிய எடுக்குதுன்னு நீ சொல்லுவே. வெயில் அவ்வளவு எடுக்காது, எனக்குத் தெரியும். இந்த ரூம் சூடா இருந்தாத்தான் அவளுக்குத் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தாத்தான் வருவா. நீ சுவத்தை மூடிட்டா ரூம் குளுந்து போயிடும். அப்புறம் எதுக்கு வரப்போறா?"

வாசு டம்ளரை எட்டிப் பார்த்தான்.  

"கருமாதி முடிஞ்சா தண்ணிய எடுத்துடுவாங்க. நான் எடுக்க விடமாட்டேன். நான் இருக்கற வரைக்கும் வெப்பேன்," என்று முடித்தார் கமலநாதன்.

வாசு சமையலறைக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே பிரியாவின் முகம் மாறியது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அண்ணே."

"என்ன?"

"நான்தான் குடிக்கறேன். மூணாவது நாளு உள்ள போனா, அவரு டம்ளரப் பாத்துக்கிட்டு 'ஒரு சொட்டுகூடக் குடிக்கலியே தங்கம், இன்னுமா கோவம்'னு அழுதுக்கிட்டு இருந்தாரு. அப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் அவரு குளிக்கப் போன நேரத்துல ரெண்டு வாய் குடிச்சிட்டேன். திரும்பி வந்து பாத்துட்டு, அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டாரு. அப்புறம் நிறுத்த முடியல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், இப்போதும் ஈரமாக இருப்பது போல. "செத்தவங்களுக்கு வெச்சதைக் குடிக்கறது பாவமான்னு தெரியல. நாளையோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். அவரு எடுக்கவே விடமாட்டேன்னா, நான் போனதுக்கப்புறம் யாரு குடிப்பா?"

 சந்துப் பக்கம் சுகுமாறனின் ஆட்கள் பலகைகளின் நிழலில் உட்கார்ந்து கடையில் தாப்பாவ் கட்டிக் கொண்டுவந்த பொட்டலச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவருகிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?" என்றான் வாசு.

"சொன்னா சுவத்தைப் போட விடுவாரு. ஆனா அம்மா ஒரு நாளும் வரலன்னு ஆயிடுமே. நீ சொல்லுவியா?"

அவனால் முடியாது. அவளாலும் முடியாது. மேல்மாடியில் குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கமலநாதன் குளிக்கப் போய்விட்டார்.

பிரியா எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கு நீ போ அண்ணே. என்னால முடியல."

வாசு போனான். கதவைத் திறக்கும்போது விளக்கு ஆடாமல் பார்த்துக்கொண்டான். இப்போதுதான் வெயில் நேராகச் சுவரில் விழுகிற நேரம். அம்மாவின் படத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்தான். விளிம்பில் தங்கமணியின் பெயர் பொறித்திருந்தது, அவர் கல்யாணச் சீரில் வந்த ஜோடி டம்ளரில் ஒன்று. வாயில் வைத்தான்.

தண்ணீர் சூடாக இருந்தது. ஆறிப்போன தேநீரின் சூடு. அவன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான், விழுங்க முடியவில்லை. இரண்டு வருடம் அம்மா குடித்தது இதைத்தான். அளந்து கொடுத்த அந்த இரண்டு டம்ளரும் இந்த மேசைமேல்தான் இருந்தன. அதுவாவது குளிர்ந்து இருந்ததா என்று யாருமே கேட்கவில்லை. இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா என்று கேட்டவன், இதைக் கேட்கவில்லை. கண்ணீர் மூக்கின் ஓரமாக வழிந்து டம்ளருக்குள் விழுந்தது. ஒருவழியாக விழுங்கினான். இன்னொரு வாய் எடுத்தான்.

கதவருகே நிழல் விழுந்தது.

கமலநாதன் நின்றிருந்தார், தோளில் துண்டோடு. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளிக்கவே இல்லை அவர்.

வாசுவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அப்பாவின் வலது கை மெல்ல உயர்ந்தது. நில்லு என்று காட்டப்போகிறார் என்று நினைத்தான். ஆனால் உள்ளங்கை விரியவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் கீழே பார்த்து, சின்னதாக ஒரு வட்டம் போட்டது. சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த சாடை அது. பாரம் கனமானது, மெல்ல இறக்கு.

"பிரியாவும் இப்படித்தான் அழுதுக்கிட்டே குடிப்பா," என்றார். "பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன், அவ வாயால உங்கம்மாதான் குடிக்கறான்னு. அவ கொஞ்சம் மிச்சம் வைப்பா."

அம்மாவுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து வாசு டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைக்கப் போனான். கமலநாதன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்தார். குடித்தார். முதல் வாயிலேயே நிறுத்தி, டம்ளருக்குள் பார்த்தார்.

அவருடைய இரண்டு டம்ளரும் இத்தனை நாளும் சமையலறையில் நின்று குடித்ததுதான்.

"சூடா இருக்கே," என்றார். பிறகு மகனைப் பார்த்தார், அவன் ஏதாவது சொல்லி இதை இல்லை என்று ஆக்கிவிடுவான் என்பது போல. "இந்தத் தண்ணியவாடா அவ குடிச்சிக்கிட்டு இருந்தா?"

வாசு தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். கமலநாதன் மிச்சத்தை விடாமல் குடித்தார், தொண்டைச் சத்தம் கேட்கக் குடித்தார். குடித்து முடித்துச் சுவர் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி போயிட்டானா?"

"இல்லப்பா. சந்துலதான் இருக்காரு."

"என்ன கலர் சொன்னா உங்கம்மா?"

"பார்லி."

அவர் தலையை அசைத்தார். காலி டம்ளரை மகனிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

அந்த இரண்டு சொல் சமையலறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஐஸ் பெட்டி திறக்கும் சத்தம் வந்தது. பிரியா இரண்டு கையிலும் ஜக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜொகூர் பாரு விஷயம் அவள் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒன்றும் முடிவாகவில்லை. இருக்கட்டும். மனிதர் முதலில் தண்ணீர் குடிக்கட்டும்.